காசநோயும் உடற்பயிற்சியும்: வெண்ணாற்றங்கரையில் என்னை நிறுத்திக் கேட்ட கேள்விகள்

நீடாமங்கலம், வலங்கைமான், மன்னார்குடி பக்கத்து ஊர்களில் பல வருஷம் காசநோய்த் திட்டத்தில் சிகிச்சை மேற்பார்வையாளராக வேலை பார்த்தவன் நான். மருத்துவர் இல்லை. பைக் பெட்டியில் சளி டப்பா, மாத்திரை அட்டை, ஒரு எடை மெஷின்; அதுதான் என் ஆபீஸ். ஓய்வு பெற்ற பிறகு காலையில் வெண்ணாற்றங்கரையில் நடக்கிறேன். எதிரே வருகிறவர்கள் விடுவதில்லை. கொரோனாவுக்கு அப்புறம் "எதிர்ப்பு சக்தி" என்ற சொல் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டதால், நடைக்கும் டி.பி.க்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் பாதிப் பேருடைய கேள்வி. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன் சார். எனக்கெல்லாம் டி.பி. வராதுல்ல?

வரலாம். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமி கண்ணுக்குத் தெரியாத துளிகளில் ஏறிக் காற்றில் மிதக்கிறது. அதே அறையில் இருப்பவர் மூச்சு இழுத்தால் உள்ளே போகிறது. எத்தனை கிலோமீட்டர் நடந்தவரும் மூச்சு விட்டுத்தான் ஆக வேண்டும். வாசலிலேயே கிருமியை மறிக்கிற உடற்பயிற்சி கிடையாது.

ஆனால் கிருமி உள்ளே போவது வேறு, நோய் வருவது வேறு. உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி புகுந்திருக்கும் என்பது கணக்கு. அவர்களில் ஆயுள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் நோயாக மாறுகிறது. அதுவும் பெரும்பாலும் முதல் 2 வருஷத்துக்குள். மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது? நுரையீரலில் இருக்கிற விழுங்கும் செல்கள் கிருமியை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடியாமல் திணறுகின்றன. அப்புறம் டி செல்கள் என்கிற வெள்ளை அணுக்கள் வந்து, அவற்றுக்குத் தெம்பு கொடுத்து, கிருமியைச் சுற்றி ஒரு சிறிய முடிச்சுப் போலக் கட்டி அடைத்துவைக்கின்றன.

ஐப்பசியில் ஆறு நிரம்பி ஓடும்போது உடைப்பு எடுக்காமல் இருக்க, மணல் மூட்டையோடு ராத்திரி முறை போட்டுக் கரையில் காவல் இருப்போமே, அதே கதைதான். தண்ணீர் போய்விடவில்லை. கரை நிற்கிறது, அவ்வளவுதான். இனி வரும் கேள்வி எல்லாமே இந்தக் கரையை எது பலப்படுத்துகிறது, எது அரிக்கிறது என்பதுதான்.

உடற்பயிற்சி செஞ்சா எதிர்ப்பு சக்தி ஏறும்னு சொல்றாங்களே, உள்ளே என்னதான் நடக்குது?

வேகமாக நடக்க ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை கூடுகிறது. மண்ணீரலிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் ஒதுங்கிக் கிடந்தவை ஓட்டத்துக்கு வருகின்றன. நடையை நிறுத்தினால் ஓரிரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். புதுக் காவலாள் யாரும் வேலைக்கு வந்துவிடவில்லை. படுத்திருந்தவனை எழுப்பி ஒரு சுற்று சுற்றிவர வைத்ததுதான் நடை. இதை மாதக்கணக்கில் செய்தால், உடம்பில் எப்போதும் கனன்றுகொண்டிருக்கும் லேசான அழற்சி குறைகிறது. அது நல்லதுதான்.

இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி சளி, தொண்டைவலி பற்றியது. 1987-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானில் ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரத்தில் உடம்பு முடியாமல் போனதாகச் சொன்னார்கள்; தயாராகி வந்தும் ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். அதிலிருந்துதான் "அளவாகச் செய்தால் பலம், அளவு மீறினால் பலவீனம்" என்ற பேச்சு பரவியது. ஓடியவர்களே சொன்ன தகவல் அது, பரிசோதித்துப் பார்த்தது இல்லை என்று பிற்பாடு ஆட்சேபமும் எழுந்தது. எப்படியானாலும் சளிக்காய்ச்சல் கிருமி அவசரக்காரன். டி.பி. கிருமி ஒன்று இரண்டாகவே 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி; அதுவும் நம்மைக் காக்க வேண்டிய செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. சளிக்குச் சொன்னதை அப்படியே இதற்குத் தூக்கிப் போட முடியாது.

அப்போ வாக்கிங்கால டி.பி. விஷயத்துல பிரயோஜனமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் கொல்லைப்புற வழியாக வருகிறது. அந்த வழிக்குப் பெயர் சர்க்கரை.

சர்க்கரை நோய் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இல்லாதவரைவிட 2 முதல் 3 மடங்கு. ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் கிடந்தால் விழுங்கும் செல் மந்தமாகிறது, டி செல் தாமதமாக வருகிறது. கரைக்காவலுக்கு ஆள் இருக்கிறது, ஆனால் தூங்குகிறது. நம் பக்கம் சாப்பாட்டைப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி மிச்சச் சோறோ தோசையோ. மூன்று வேளையும் நெல்தான். நெல் விளையும் ஊரில் வேறு எப்படி இருக்கும்? நடக்கும்போது தொடைத்தசையும் கெண்டைத்தசையும் இந்தச் சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன. சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் தெருவில் உலாத்தினாலே வித்தியாசம் தெரியும். காசநோய்க்கு எதிராக நடை செய்கிற மிகப் பெரிய உதவி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. காசநோய் வந்தால் சர்க்கரை தானாகவும் ஏறும். காசநோய்க்குத் தருகிற ரிஃபாம்பிசின் மாத்திரை சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்தும் விடும். "நல்லாத்தானே நடக்கிறேன், ஏன் ஏறுது?" என்று குழம்பாமல் இரண்டு சிகிச்சையையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாள் முழுக்க குனிஞ்சு நடவு நடுறேன் தம்பி. இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி? எனக்கு ஏன் வந்துச்சு?

என் வேலைக்காலம் முழுக்க என்னைக் குடைந்த கேள்வி இது. வெறும் ரோட்டில் நடக்கிறவர்களைவிட வயலில் வேலை செய்கிறவர்களிடம்தான் அதிகம் காசநோய் பார்த்தேன். உழைப்பு காப்பாற்றும் என்றால் அவர்களைத்தானே முதலில் காப்பாற்ற வேண்டும்?

உடற்பயிற்சி நாம் நினைத்தபோது நிற்கும். வேலை, வயல் முடிந்தால்தான் நிற்கும். விடியற்காலையில் ஒரு கறுப்பு டீயோடு இறங்கி, பத்து மணிக்குப் பழையசோறு, அப்புறம் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய் உலை வைத்தால்தான் அடுத்த வாய். செலவு காலையிலேயே முடிந்துவிடுகிறது, வரவு சாயங்காலம்தான். இப்படியே வருஷக்கணக்கில் போனால் உடம்பு தன் தசையையே எடுத்து எரிக்கும். டி செல்லும் புரதத்தால் ஆனதுதான். அதற்கும் பங்கு கிடைக்காது.

ஒரு அம்மாவை இன்னும் மறக்கவில்லை. எடை மெஷினை மண் தரையில் வைத்தால் சரியாகக் காட்டாது, பலகை போட வேண்டும். அன்றைக்குப் பலகை இல்லை. அம்மியைத் திருப்பிப் போட்டு அதன் மேல் வைத்தேன். ரவிக்கையின் இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திச் சுருக்கியிருந்தார். ஏறி நின்றார். 34 கிலோ. "நடவு சீசன்ல கொஞ்சம் இறங்கும், அறுப்புக்கு ஏறிடும்" என்றார். பல வருஷமாக அறுப்புக்கும் ஏறவில்லை என்பது அவருடைய பழைய ரேஷன் போட்டோவைப் பார்த்தாலே தெரிந்தது.

உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் (பி.எம்.ஐ.) ஒரு எண் ஏறினால் காசநோய் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ரேஷன்ஸ் என்ற ஆய்வு இன்னும் தெளிவு. நோயாளி வீட்டில் உள்ள மற்றவர்களுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, கூடவே சத்து மாத்திரைகள் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. பருப்பு செய்த வேலை அது. ஆகவே நடவு நடுகிறவரிடம் நான் "நடங்கள்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வயலில் இறங்கும் முன்னாடி சாப்பிடுங்கள்" என்றுதான் சொல்வேன். சிகிச்சைக் காலத்தில் அரசு தருகிற மாதம் 1,000 ரூபாயும் அதற்குத்தான். 2018-இல் 500 ஆக ஆரம்பித்து 2024 நவம்பரில் உயர்த்தினார்கள். அது பையன் செல்போன் ரீசார்ஜுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது தனி உத்தியோகம்.

வீட்டுல ஒருத்தருக்கு வந்திருக்கு. மத்தவங்க மூச்சுப்பயிற்சி செஞ்சா தப்பிச்சிக்கலாமா?

மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் தப்பிக்க வழி வேறு. வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை இருக்கிறது, இலவசம்தான். நோய் வரும் வாய்ப்பு முதல் 2 வருஷத்தில்தான் அதிகம் என்று மேலே சொன்னேனே, அந்தக் காலத்தைத்தான் இந்த மாத்திரை பார்த்துக்கொள்கிறது.

"பிறந்தப்பவே பி.சி.ஜி. தடுப்பூசி போட்டாச்சே" என்பார்கள். அது குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளைத் தடுக்கும். பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு அதை நம்ப முடியாது என்று நம் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே 1968-இல் ஆரம்பித்த பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது.

டி.பி.ன்னு தெரிஞ்சாச்சு. ஆறு மாசம் படுத்தே கிடக்கணுமா?

தேவையில்லை. இந்தப் பயம் தாத்தா காலத்து மிச்சம். மருந்தே இல்லாத நாளில் ஓய்வுதான் மருந்து. மாதக்கணக்கில் கட்டிலோடு கிடக்கச் சொல்வார்கள். நம் பக்கத்தில் "செங்கிப்பட்டிக்குப் போயிட்டார்" என்றாலே ஊருக்கு விஷயம் புரிந்துவிடும், காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் சானடோரியம் அங்கேதான். அதே காலத்திலேயே எதிர்க்கட்சியும் இருந்தது. இங்கிலாந்தில் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் 1905 வாக்கில் நோயாளிகளை முதலில் நடக்கவிட்டு, பிறகு கூடையில் மண் சுமக்கவிட்டு, பிறகு மண்வெட்டி கொடுத்து வேலை வாங்கினார். அளவான உழைப்பு கிருமியின் நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கவிட்டு எதிர்ப்பைத் தூண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. உடற்பயிற்சியும் காசநோய் எதிர்ப்பும் என்ற பேச்சு அப்போதே ஆரம்பித்துவிட்டது.

ஒரு கும்பகோணத்துச் சங்கதி. முதல் உலகப் போர்க் காலத்தில் கணிதமேதை ராமானுஜனைக் காசநோய் என்று நினைத்து இங்கிலாந்தில் சானடோரியங்களில் வைத்திருந்தார்கள். அவற்றில் மெண்டிப் மலையில் இருந்ததை நடத்தியவர் டாக்டர் சௌரிமுத்து. 1928-இல் தாம்பரம் சானடோரியத்தை ஆரம்பித்தவரும் அவரேதான். ராமானுஜனுக்கு வந்தது காசநோயே இல்லை, கல்லீரலில் அமீபா தொற்று என்று பிற்காலத்தில் வாதிட்டவர்களும் உண்டு.

ஓய்வா, நடமாட்டமா என்ற சண்டையைத் தீர்த்துவைத்தது சென்னை. 1956-இல் அங்கே தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தது மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்றோட்டம். மீதிப் பேர் நெரிசலான சொந்த வீட்டிலேயே, சுமாரான சாப்பாட்டில், அதிக நடமாட்டத்தோடு. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-இல் முடிவு வந்தது: குணமானதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக அது ஒரு முக்கியக் காரணம்.

நல்ல சாப்பாடு இல்லாமலே குணமாச்சுன்னா, மேலே சாப்பாடு சாப்பாடுன்னு அடிச்சுக்கிறீங்களே?

மன்னார்குடியில் ஒரு ஆசிரியர் கேட்டது. சரியான கேள்வி. சென்னை ஆய்வு பார்த்தது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சளியில் கிருமி ஒழிகிறதா என்பதை. அதற்கு மருந்து போதும். நோய் வராமல் தடுப்பதும், வந்தவர் சாகாமல் இருப்பதும் வேறு கணக்கு. ஜார்க்கண்ட் ஆய்விலேயே முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் சுமார் 61 சதவீதம் குறைவாக இருந்தது. கிருமியைக் கொல்வது மருந்து. ஆளை நிறுத்துவது சோறு.

இதனால்தான் 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்த அன்றைக்கே மூன்று விஷயம் பார்க்கிறார்கள்: எடை மிக மோசமாகக் குறைந்திருக்கிறதா, மூச்சுத் திணறுகிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. ஒன்றில் தவறினாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு ஓய்வு கட்டாயம். நான் மேலே "தேவையில்லை" என்றது மற்றவர்களுக்கு.

சரி, எப்போ இருந்து நடக்கலாம்? எவ்வளவு?

காய்ச்சல் விடும்வரை வீட்டைச் சுற்றி நடமாடினால் போதும். பொதுவாக மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் அடங்கி, பசி எடுக்கும். அந்தப் பசிதான் பச்சைக்கொடி. 10 நிமிஷம், காலையும் மாலையும், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டுங்கள்.

எடையை மாதம் ஒருமுறை பாருங்கள். எடை இறங்கினால் நடையைக் குறையுங்கள், சாப்பாட்டைக் கூட்டுங்கள். சளியில் ரத்தம் வந்தாலோ, திடீரென்று ஒரு பக்க நெஞ்சு குத்தி மூச்சு அடைத்தாலோ நடையை அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நடந்தா சரியாயிடும்" என்று ரத்தம் துப்பியபடி நடந்த ஒருவரை நானே பைக்கில் ஏற்றியிருக்கிறேன்.

மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து மூட்டெல்லாம் வலி. நடந்ததால தானே?

பெரும்பாலும் இல்லை. முதல் 2 மாத மாத்திரையில் இருக்கும் பைரசினமைடு யூரிக் அமிலத்தைக் கூட்டும், மூட்டு வலிக்கும். பாதம் எரிந்தால் அது ஐசோனியசிட், பி6 மாத்திரை தருவார்கள். பார்வை மங்கினால் எத்தாம்புட்டால் காரணமாக இருக்கலாம், அன்றைக்கே சொல்லுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசின், பயப்பட ஒன்றுமில்லை. வலிக்காக நடையைக் குறைக்கலாம், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

என் பையன் ஜிம்முக்குப் போறவன், கபடி வேற ஆடுவான். எப்போ திரும்ப விடலாம்?

கதவு ஜன்னல் சாத்தி ஏ.சி. போட்ட ஜிம்தான் எனக்குப் பிடிக்காத இடம். அங்கே எல்லோரும் ஆழமாக மூச்சு இழுத்து விடுகிறார்கள், காற்று வெளியே போக வழியில்லை. மருந்து சரியாக வேலை செய்தால் பரப்பும் தன்மை சில வாரத்திலேயே வெகுவாகக் குறைந்துவிடும். இருந்தாலும் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வரும்வரை ஜிம் வேண்டாம். திறந்த வெளியில் தண்டால், பஸ்கி எடுக்கட்டும். கபடி மார்பில் அடிபடும் விளையாட்டு. சிகிச்சை முடிந்து எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொன்ன பிறகுதான்.

புரோட்டீன் பவுடர் டப்பாவைப் பற்றியும் கேட்பார்கள். சம்பா அறுப்புக்கு முன்னாடி ஈரத்தில் தெளித்துவிடுகிற உளுந்தும் பச்சைப்பயறும் வீட்டிலேயே கிடக்கிறது. முட்டையும் மத்தி மீனும் சேர்த்துக்கொண்டால் டப்பா எதற்கு?

காலை வெயில்ல நடந்தா கிருமி செத்துடுமாமே?

துணியிலோ காற்றிலோ இருக்கிற கிருமி வெயிலில் சாகும். நுரையீரலுக்குள் வெயில் போகாது. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணமாக்கிய ஃபின்சன் என்ற மருத்துவருக்கு 1903-இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் அது தோல். வைட்டமின் டி மாத்திரையாவது தடுக்குமா என்று மங்கோலியாவில் 8,851 பள்ளிக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் வந்த முடிவு: தொற்று குறையவில்லை. வெயிலில் நடப்பதில் எனக்கு மறுப்பில்லை. சித்திரையில் மட்டும் ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாசம் முடிஞ்சு சரியாயிடுச்சுன்னாங்க. ஆனா படி ஏறினா மூச்சு வாங்குது. திரும்ப வந்துடுச்சா?

முதலில் சளியைப் பரிசோதியுங்கள். கிருமி இல்லை என்றால், இது நோய் விட்டுப்போன தழும்பு. கிருமியைச் சுற்றிக் கட்டிய முடிச்சுகள் ஆறும்போது நுரையீரல் சில இடங்களில் சுருங்கிவிடுகிறது. அந்த இடம் திரும்பாது. ஆனால் காலும் மார்புத் தசையும் பலமானால், மிச்சம் இருக்கிற நுரையீரலை வைத்தே அதிக தூரம் போகலாம். உடற்பயிற்சி நேரடியாக, சந்தேகமில்லாமல் பலன் தருவது இந்தக் கட்டத்தில்தான். 6 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்து, அதிலிருந்து பயிற்சியைக் கூட்டுவார்கள். நீங்களும் வீட்டில் செய்யலாம்: மின்கம்பத்துக்கு மின்கம்பம் எண்ணிக்கொண்டு நடந்து, நாள்காட்டியில் குறித்துவையுங்கள். பீடி பிடித்துக்கொண்டு இதைச் செய்வதில் அர்த்தமில்லை.

போலீஸ் செலக்‌ஷனுக்காக ஓடுறேன் அண்ணே. எடை குறையுது, இருமலும் இருக்கு. பிராக்டீஸ்னாலதானே?

1500 மீட்டருக்காக ஆற்றங்கரையில் ஓடும் பையன்கள் நிறைய. ஓடினால் எடை குறையும், செம்மண் புழுதியில் இருமலும் வரும். ஆகவே காசநோயின் அடையாளங்கள் பயிற்சிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கேட்ட பையனிடம் நான் திருப்பிக் கேட்டது மூன்று. இருமல் இரண்டு வாரம் தாண்டிவிட்டதா? ராத்திரி பனியன் நனைகிறதா? போன மாதம் ஓடிய நேரத்தைவிட இந்த மாதம் அதிகமாகிறதா? மூன்றாவதற்குத்தான் தயங்கினான். பயிற்சி செய்யச் செய்ய நேரம் குறைய வேண்டும். கூடினால் உடம்பு வேறு எதற்கோ சக்தியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி டப்பா வாங்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சு இழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். எச்சில் உதவாது. சளியில் டி.பி. கிருமியைத் தேடும் ட்ரூநாட் மெஷினில் வைத்த சில மணி நேரத்தில் பதில் வந்துவிடும், ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதும் சேர்த்து. அதுவரை ஓட்டம் வேண்டாம்.